விலை ஏறினால் வருகை குறையும்

பயிற்சிக்குப் போன என் மகாராணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஞாயிறுதோறும் காரில் வந்து போவாரே உன் அம்மா, அவரும் நலம்.

விலை ஏறினால் தேவை குறையும் என்று கல்லூரியில் தொண்டை கிழியப் பாடம் நடத்துகிறவன் நான். பெட்ரோல் விலை ஏறியதும், இனி அத்தை அடிக்கடி வரமாட்டாரே என்று வருத்தப்பட்டேன். நம்பு.

போன ஞாயிறு பெட்டியோடு வந்து இறங்கினார். "வாராவாரம் வந்து போனா பெட்ரோல் கட்டுப்படியாகல மாப்பிள்ளை. விலை இறங்குற வரைக்கும் இங்கயே இருந்துடுறேன்."

நம் அறையை அவருக்கு விட்டுவிட்டு நான் சோபாவில் படுக்கிறேன்.

தப்பாக நினைக்காதே, நேற்று என் செலவிலேயே அவர் காருக்கு டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுவைத்தேன். அத்தைக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"நல்லதாப் போச்சு மாப்பிள்ளை! ஒரு நடை போய் என் தங்கச்சியையும் கூட்டிட்டு வந்துடுறேன்."

பயிற்சி எப்போது முடிகிறது?

சோபாவும் பறிபோகப்போகிற,
உன் வாத்தியார்