தரையைத் தொட்ட கோடு

14-8-96, புதன். திருநின்றவூர்.

பக்கத்துப் போர்ஷன் அந்தோணி அண்ணன் மறுபடியும் இருமுகிறார். டிபி மாத்திரையை விட்டு ஒரு மாதமாகிறதாம். அவர் மனைவி மேரி அக்கா இன்றுதான் சொன்னார். அண்ணனிடமே கேட்கப் போனேன்.

"நீ குட்த்த படந்தாம்மா. ரெண்டாம் மாசமே கோடு தரையத் தொட்டுடுச்சு. அப்பால இன்னாத்துக்கு மாத்திரை? துன்னா வாந்திதான் வருது."

மருந்து சாப்பிடச் சாப்பிட உடம்புக்குள் கிருமி எப்படிக் குறையும் என்று லேப் கம்ப்யூட்டரில் நான் போட்ட கணக்கு அது. தைரியமாக இருக்கட்டும் என்று நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். கோடு தரையைத் தொடவே இல்லை. செல்லுக்குள் பதுங்கிய கிருமிகள் மிச்சம் இருக்கும். கோடிக்கணக்கில் காட்டும் படத்தில் சில நூறு கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதாலேயே சொல்லத் தோன்றவில்லை.

இன்று சொன்னேன். தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மாதா படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். அண்ணன் தடுத்தார்.

"அது இருக்கட்டும்மா. அத்தக் காட்டித்தான் அப்பாவுக்கு நல்லாயிட்ச்சுன்னு ஸ்டெல்லாக்கு சொல்லிகீறேன்."

ஸ்டெல்லாவுக்கு நான்கு வயது. இன்னும் அப்பா மேல் கால் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள்.