ஒரு சாணுக்கு மேற்பட்ட லென்ஸ் குறித்து

அனுப்புநர்:
வெ. அசோக்குமார் (வயது 24),
லிஃப்ட் பராமரிப்புத் தொழில்நுட்பர்,
மேட்டுத் தெரு, சமயநல்லூர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: விளாங்குடி செல்லாயி நினைவு உள்விளையாட்டரங்கில் 11.01.2026 அன்று நடைபெறவுள்ள மகளிர் கபடி இறுதிப் போட்டி – ஃப்ளாஷ் இல்லாத கேமராவை உள்ளே அனுமதிக்கவும், லென்ஸைச் சாணால் அளந்து திருப்பி அனுப்பும் முறையை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: வடகரை மகளிர் கபடிப் போட்டிக் குழு அரங்க வாயிலில் ஒட்டியுள்ள அறிவிப்பு (நாள் குறிப்பிடப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. 21.12.2025 ஞாயிறு மாலை 5.50 மணிக்கு மேற்படி அரங்கின் கிழக்கு வாயிலில் கேமராவுடன் நிறுத்தப்பட்டேன். அன்று அரையிறுதி. அன்று நான் எடுத்த படங்களின் எண்ணிக்கை பூஜ்யம். அதற்கு முந்தைய ஞாயிறு நடந்த ஆட்டத்தில் எடுத்தவை 846. அவற்றில் முகம் தெளிவாக விழுந்தது ஒரே படத்தில். அது நடுவரின் முகம். அவர் அசையாமல் நின்றிருந்தார். அதன் பிரதியை இணைத்துள்ளேன்.

2. எனக்கு வேண்டியது நடுவரின் முகம் அல்ல. என் தங்கை வெ. தமிழ்ச்செல்வியின் முகம். சமயநல்லூர் அணியில் அவள்தான் முதல் ரெய்டர். எதிரணிக் களத்துக்குள் பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்புவது அவள் வேலை. ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி. அந்த முப்பது நொடியும் அவளுக்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகம் எங்கள் வீட்டில் கிடையாது. வீட்டில் அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், அதுவும் தட்டைப் பார்த்துக்கொண்டு.

3. எங்கள் தந்தை திரு. வெள்ளைத்துரை ஓமன் நாட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். தமிழ்ச்செல்வி ஆறாம் வகுப்பில் இருந்தபோது போனவர். இடையில் இரண்டு முறை விடுப்பில் வந்தார். இரண்டு முறையும் கோடை. ஆட்டம் இல்லாத மாதம். மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. லாரிக்குள் கண்ணாடிக்கு மேலே அவளுடைய ஆறாம் வகுப்பு அடையாள அட்டைப் படத்தைத்தான் இன்னும் ஒட்டி வைத்திருக்கிறார். போனில் பேசினால் அவள் "ம்", "சரிப்பா", "சாப்பிட்டேன்ப்பா" என்பதற்கு மேல் போவதில்லை. வீடியோ எடுத்து அனுப்பினேன். தூரத்தில் ஏழு பேர் ஓடுவது தெரிந்தது. அவர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். நிறுத்தினால் எல்லாம் கலங்கிப்போகும். பிறகு குரல் பதிவு அனுப்பினார். அதைச் சொன்னது சொன்னபடி தருகிறேன்: "ஏப்பா அசோக்கு, கால் தெரியுது, ஜடை தெரியுது, பிள்ளையக் காணமே? இதுல எதுப்பா நம்ம பிள்ளை?"

இந்த மனுவுக்கு அடிப்படை அந்தக் கேள்வி. மற்றவை தொழில்நுட்பம்.

4. முதல் ஞாயிறு நடந்த தவறு என்னுடையது. அதற்காக யார்மீதும் புகார் இல்லை. உடன் வேலை பார்ப்பவரின் புது கேமராவை இரவல் வாங்கிப் போனேன். நொடிக்கு இருபது படம் எடுக்கும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததால் அதுவே போதும் என்று நினைத்தேன். அதோடு வந்த சாதாரண லென்ஸைத்தான் மாட்டியிருந்தேன். அதற்குள் வெளிச்சம் நுழையும் வாய் சிறியது. அரங்கத்தில் உள்ள வெளிச்சத்துக்கு அது ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கச் சொல்கிறது. திறந்திருக்கும் அந்த நேரத்துக்குள் தமிழ்ச்செல்வி இரண்டு விரற்கடை நகர்ந்துவிடுகிறாள்; முகம் கலங்க அது போதும். போதாக்குறைக்கு, அங்குள்ள எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்கு அது தெரியாது. கேமராவுக்குத் தெரியும். பாதிப் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை.

காளவாசலில் கேமரா வாடகைக் கடை வைத்திருக்கும் சாய்ராம் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். படங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாப்ள, இருட்டுக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு இருவது படம் எடுக்குற கேமரா பாடிய வச்சுச் சுட்டா என்ன வரும்? செகண்டுக்கு இருவது கெட்ட படம் வரும். உனக்கு வேகம் பாடியில வேணாம்டா, கண்ணாடியில வேணும்." அவன் சொன்னது சரி. ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் இதையே படித்தேன். முடிவில் தேர்ந்தது இது: பாடி பழையதாக இருக்கட்டும், நொடிக்குப் பத்துப் படம் போதும், ஆனால் விளக்கு மங்காத கணத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதி அதில் இருக்க வேண்டும். லென்ஸ், தூரத்தை இழுத்துப் பிடிக்கும் 70-200; அதன் வாய் அகலம் எஃப் 2.8. நுழையும் வெளிச்சம் முதல் லென்ஸைப் போல நான்கு மடங்கு. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு ஷட்டர் திறந்தாலே படம் விழும். அவள் அந்த நேரத்தில் ஒரு விரல் அகலம்கூட நகர முடியாது. பயிற்சிக்காக வீட்டு வாசலில் அவளை ஓடச் சொல்லி எடுத்துப் பார்த்தேன். கண்ணிமை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஆனால் அது வீட்டு முகம். அப்பாவுக்கு அனுப்பவில்லை.

5. 21ஆம் தேதி வாயிலில் நடந்தது வருமாறு. காவலர் திரு. சுடலை பையைத் திறக்கச் சொன்னார். லென்ஸைப் பார்த்ததும் கையை விரித்து அதன்மேல் வைத்தார். "தம்பி, ஒரு சாணுக்கு மேல இருந்தா உள்ள விடாதன்னு செகரட்ரி சொல்லியிருக்காக. இது எம்புட்டு நீளம் இருக்குன்னு நீயே பாரு" என்றார். அவருடைய சாணுக்கு மேல் நான்கு விரற்கடை கூடுதலாக இருந்தது. முன்னால் இருந்த வெயில்மறைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். கழற்றிய பிறகும் இரண்டு விரற்கடை கூடுதல் என்றார். திரு. சுடலையின் கை சிறியது. கை பெரியவர் ஒருவர் அன்று பணியில் இருந்திருந்தால் நான் உள்ளே போயிருப்பேன். ஒரு விளையாட்டரங்கில் அனுமதி இப்படியா முடிவாக வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

என் பின்னால் நின்ற ஐம்பது பேர் போனோடு உள்ளே போனார்கள். ஒவ்வொரு போனிலும் ஃப்ளாஷ் உண்டு. என் கேமராவில் ஃப்ளாஷே கிடையாது. இதைச் சொன்னதற்கு அவர், "எனக்குத் தெரியும்பா, சாண்தான் எனக்குக் குடுத்த கணக்கு" என்றார். அவர்மீது புகார் இல்லை.

6. கேமராவை அங்கே வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். சாய்ராம் கடையில் வாங்கிய இரவல் லென்ஸை வாயிலில் வைத்துவிட்டுப் போக முடியாது. அரையிறுதி முழுவதையும் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். கதவு இடுக்கில் போன் வெளிச்சங்கள் வெட்டுவது தெரிந்தது. விசில் கேட்டது. "தமிழு! தமிழு!" என்று கூட்டம் கத்தியது. பிறகு ஒரே அமைதி. அமைதிதான் தாங்க முடியவில்லை. திரு. சுடலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்திருச்சுப்பா ஒன் தங்கச்சி. மூணாவது பிள்ளை காலப் பிடிச்சிருச்சு, இழுத்துக்கிட்டே கோட்டத் தொட்டுருச்சு! கடைசி ரெய்டு, செயிச்சாச்சு" என்றார். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "அதச் சொல்லத் தெரியல தம்பி" என்றார்.

அன்று இரவு அப்பா கேட்ட முதல் கேள்வி, படம் கிடைத்ததா என்பது. ஜெயித்ததைச் சொன்னேன். "சந்தோசம்ப்பா" என்றார். பிறகு மறுபடியும், "படம்?" என்றார்.

7. மறுநாள் காலை போட்டிக் குழுச் செயலாளர் திரு. அருள்பாண்டியை நேரில் பார்த்தேன். அவர் இரண்டு காரணம் சொன்னார். இரண்டும் நியாயமானவை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் காரணம்: "போன வருசம் கல்யாண ஸ்டுடியோக்காரன் ஒருத்தன் பெரிய கேமராவத் தூக்கிட்டு வந்து, ரெய்டு போற பிள்ளை மூஞ்சியிலயே பளிச்சுன்னு அடிச்சான். பிள்ளை கண்ணு கூசி விழுந்து கணுக்கால் பெரண்டு போச்சு. அன்னைக்கு எழுதி ஒட்டினதுதான் அந்தப் பேப்பர்." ஐயா, விழுந்த அந்தப் பிள்ளை தமிழ்ச்செல்விதான். ஆறு வாரம் நொண்டினாள். செயலாளருக்கு அது நினைவிருந்தது, நான் அவள் அண்ணன் என்பது தெரியாது. ஆகவே ஃப்ளாஷுக்குத் தடை வேண்டும் என்பதில் என்னைவிட உறுதியானவர் மாவட்டத்தில் யாரும் இல்லை. ஆனால் தடை ஃப்ளாஷுக்கு விழாமல் நீளத்துக்கு விழுந்துவிட்டது. வெளிச்சத்தை அதிகம் வாங்கும் கண்ணாடி பெரியதாகத்தான் இருக்கும். பெரியதாக இருப்பதால்தான் அதற்கு ஃப்ளாஷ் வேண்டாம். தற்போதைய விதி, என் தங்கையின் கண்ணைக் கூசவைக்கும் கருவியை உள்ளே விட்டு, கூசவைக்காததை வெளியே நிறுத்துகிறது.

இரண்டாம் காரணம்: "பொம்பளப் பிள்ளைக ஆடுற எடம்ப்பா. எவன் எவனோ தூரத்துல இருந்து இழுத்துப் பிடிக்கிற லென்ஸோட வந்து ஒக்காந்தா, பெத்தவுகளுக்கு யாரு பதில் சொல்றது?" இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நானும் அண்ணன்தான். அரங்கத்தை விட்டு வெளியேறுமுன் என் மெமரி கார்டை அணிப் பயிற்சியாளர் திருமதி ராமக்காளிடம் காட்டி, தமிழ்ச்செல்வியின் படங்களைத் தவிர மற்ற அனைத்தையும் அவர் முன்னிலையிலேயே அழித்துவிட எழுத்துமூலம் சம்மதிக்கிறேன் என்றேன். செயலாளர், "மேலிடத்துல இருந்து ஒரு வார்த்தை வரட்டும், பாப்போம்" என்றார். அதனால்தான் தங்களிடம் வந்துள்ளேன்.

8. நான் கேட்பது இரண்டில் ஒன்று. மேற்படி லென்ஸோடு பார்வையாளர் வரிசையில் உட்கார அனுமதி. அல்லது, லென்ஸ் சாணுக்குள் அடங்கித்தான் ஆக வேண்டுமென்றால், களத்தின் ஓரத்தில், நடுக்கோட்டுக்கு நேராக, தரையில் உட்கார ஓர் இடம். அருகில் இருந்தால் எனக்கு 85 எம்.எம்., எஃப் 1.8 லென்ஸ் போதும். அது ஒரு டம்ளர் உயரம். திரு. சுடலையின் உள்ளங்கைக்குள் அடங்கும். தூரமும் வேண்டும், சின்ன லென்ஸும் வேண்டும், நல்ல படமும் வேண்டும் என்றால் அப்படி ஒரு லென்ஸை இன்னும் யாரும் செய்யவில்லை.

9. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லப்படலாம். அடுத்த ஆண்டு இல்லை. பிப்ரவரி முதல் தேதி தமிழ்ச்செல்வி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறாள். மூன்று ஷிஃப்ட், விடுதி. அங்கே கபடி கிடையாது, அவளே விசாரித்துவிட்டாள். வேலைக்குப் போவது அவள் எடுத்த முடிவு. அதில் தங்களிடம் முறையிட எதுவும் இல்லை. 11ஆம் தேதிக்குப் பிறகு அந்த முகம் எங்கேயும் இருக்காது என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

10. இறுதிப் போட்டிக்கு முன் ஒரு வரி உத்தரவு செயலாளருக்கு அனுப்பினால் போதும். வாயிலில் ஒட்டியுள்ள அறிவிப்பில் "சாண்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஃப்ளாஷ்" என்று போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்களிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும் நான் செய்யப்போவது:

(1) 11.01.2026 அன்று மாலை நான்கு மணிக்கு இரண்டு லென்ஸ்களோடும் கிழக்கு வாயிலில் நிற்பேன்.

(2) அனுமதி கிடைத்தால், சத்தம் போடாமல், எழுந்து நிற்காமல், யாரையும் மறைக்காமல் எடுப்பேன். கார்டைப் பயிற்சியாளரிடம் காட்டிவிட்டுத்தான் வெளியே வருவேன்.

(3) ஒரு படம் விழுந்தாலும் போதும். இரண்டு பிரதி போடுவேன். ஒன்று, அந்த வாரம் ஓமன் திரும்பும் பக்கத்துத் தெருக்காரர் கையில் கொடுத்து அப்பாவின் லாரிக்கு. இன்னொன்று திரு. சுடலைக்கு. அன்று சொல்லத் தெரியாமல் போனதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

(4) அனுமதி கிடைக்காவிட்டால், கேமராவைச் சாய்ராம் கையில் கொடுத்து வெளியே நிறுத்திவிட்டு வெறுங்கையோடு உள்ளே போவேன். நான் கையாண்ட இரண்டு கேமராவிலும் ஷட்டர் திறக்கும் கணத்தில் எடுப்பவன் கண்ணுக்கு முன்னால் இருட்டிவிடும். முதல் ஞாயிறு அந்த இருட்டு மறைத்தது, போன ஞாயிறு கதவு. அதனால் அவள் கோட்டைத் தொடும் கணத்தை நானும் இதுவரை பார்க்கவில்லை. அன்று பார்ப்பேன்.

(5) பார்த்துவிட்டு, இரவு அப்பாவைக் கூப்பிட்டு, உங்கள் மகள் இப்படித்தான் இருந்தாள் என்று வாயால் சொல்ல முயல்வேன். எனக்கு அப்படிச் சொல்ல வராது ஐயா. வந்திருந்தால் இந்த மனுவே எழுதியிருக்க மாட்டேன்.

இடம்: சமயநல்லூர்
நாள்: 24.12.2025

தங்கள் ஒரு வரி உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) வெ. அசோக்குமார்