நஸ்ரின் முக்காட்டைக் கழற்றிய நோன்பு மாதம்

ஒக்ரோபர் 10, 2006. செவ்வாய்

காலையில் இருந்து தூறல். கொடியில் போட்ட துணி திரும்பவும் ஈரம். பின்னேரம் கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது நஸ்ரின் கல்லூரியால் வந்தாள். தலையில் முக்காடு இல்லை. முடி நனைந்து நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. மழைக்குக் கழற்றியிருப்பாள் என்று நினைத்தேன். மழைக்கு யாராவது கழற்றுவார்களா?

“எங்க மகள் ஸ்காஃப்?”

“பைக்குள்ள.”

“ஏன்?”

“கழட்டிட்டன் உம்மா. இனிப் போட மாட்டன்.”

மேலே போய்விட்டாள். நான் கழுவின அரிசியையே திரும்பக் கழுவினேன்.

இந்தத் துணிக்காகத்தானே பாரிஸை விட்டு வந்தோம். முக்காட்டைத் தடுத்து அங்கே சட்டம் வந்த வருஷம் இவளுக்குப் பதினைந்து. பள்ளிக்கூட வாசலில் கழற்று என்றார்கள், மாட்டேன் என்றாள். ஒரு மாதம் தனி அறையில் இருத்திவைத்தார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டு, வீட்டில் யார் வற்புறுத்துகிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். நம்பவில்லை. இவளுடைய வாப்பா அப்போது இவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார், “கழட்டு மகள், படிப்புத்தான் முக்கியம்” என்று. அதைப் போய் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியில் நானும் அவளும் லண்டன். அவர் பாரிஸில், உணவகக் குசினியில் சமையல். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை கோச் பஸ்ஸில் வருவார்.

இந்தச் சனி வருகிறார்.

ஒக்ரோபர் 11, புதன்

வேலை. முதியோர் இல்லத்தில் எல்லார் வாயிலும் அந்த மந்திரியின் பேச்சுத்தான். முகத்தை மூடிக்கொண்டு வரும் பெண்களோடு பேசுவது அவருக்குச் சங்கடமாம். வானொலியில் காலை முழுக்க அதே. மனேஜர் தேநீர் நேரத்தில் என் தோளில் கை வைத்து, “உன்னைச் சொல்லவில்லை, நீ அந்த மாதிரி இல்லை” என்றாள். நான் தேநீரும் குடிக்கவில்லை, நோன்பு. தலையாட்டினேன்.

பாரிஸில் பத்து வருஷம் கந்தோர்களில் மேசையும் தரையும் துடைத்தேன். மெற்றோவின் கடைசிப் படியில் முக்காட்டைக் கழற்றிப் பையில் வைப்பேன், வேலை முடிந்து அதே படியில் திரும்பப் போடுவேன். அதைப் பற்றி ஒரு மந்திரியும் பேசவில்லை. இங்கே வந்துதான் முக்காட்டோடு வேலை செய்கிறேன். எனக்கு வந்த ஒரே லாபம்.

நஸ்ரினைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். நோன்பு பிடிக்கிறாள், தொழுகிறாள். தொழும்போது போட்டுக்கொள்கிறாள். எழும்பிக் கழற்றுகிறாள்.

பெருநாளுக்கு வாங்க: ரவை, முந்திரி வற்றல், நெய், அவருக்குப் புதுச் சேர்ட்.

ஒக்ரோபர் 12, வியாழன்

வெயில், ஆனால் குளிர். பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா மீன் குழம்பு கொண்டுவந்து தந்தார், நோன்பு திறக்க. மன்னார் ஆள், கிறிஸ்தவ வேதக்காரர். ஒவ்வொரு வருஷமும் தருவார். வாசலில் நின்று நஸ்ரினைப் பார்த்தார்.

“இப்பத்தான் பிள்ளை வடிவா இருக்கிறாள். என்ன முடி! இவ்வளவு நாளும் ஏன் மறைச்சு வச்சனீங்கள்?”

நல்ல மனுசி. மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னார். அப்போ இவ்வளவு நாளும் என் பிள்ளை வடிவில்லை என்றுதானே நினைத்துக்கொண்டு குழம்பு தந்திருக்கிறார். குழம்பில் புளியும் கூடிப்போயிருந்தது.

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். ஆராவது ஏதும் சொன்னாங்களா? பகிடி பண்ணினாங்களா?

“இல்லை உம்மா.”

“அப்ப?”

“கெமிஸ்ட்ரி படிப்பிக்கிற சேர் என்னட்டக் கேட்டார், அந்த மந்திரி சொன்னதைப் பற்றி நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீங்கள் எண்டு. நீங்கள் எல்லாம்! நான் உப்புக் கரைசல் செய்துகொண்டு நிண்டனான். எனக்குக் களைச்சுப் போச்சு.”

“அதுக்காகவா?”

“அதுக்காக மட்டும் இல்லை. அங்க கழட்டு எண்டு சொன்னாங்க, அதால கழட்ட ஏலாது. இங்க ஒருத்தரும் சொல்லேல்ல. வேணுமோ எண்டு யோசிச்சுப் பார்த்தன். வேணும் போல இல்லை.”

நான் எழுந்து கோப்பையைக் கழுவப் போனேன். தொண்ணூறில் முஸ்லிம்கள் என்று இயக்கம் எங்களை யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தியபோது இவள் கைக்குழந்தை. அன்றைக்கு எங்களைக் கேட்டுத் துரத்தவில்லை. இரண்டாம் தரம், பாரிஸை விட்டு, இவளைக் கேட்டு, இவளுக்காகவே வெளிக்கிட்டோம். இப்போது வேணும் போல இல்லையாம்.

ஒக்ரோபர் 13, வெள்ளி

பெண்கள் சங்கத்தில் இருந்து தொலைபேசி. நாங்கள் வந்த புதிதில் கல்லூரியில் இடம் எடுக்க உதவியவர்கள். ஞாயிறு கூட்டமாம், மந்திரிக்குப் பதில் சொல்லும் கூட்டம். பிரான்சில் வெளியேற்றப்பட்ட பிள்ளை நாலு வார்த்தை பேசினால் நன்றாக இருக்குமாம். காய்ச்சல் என்றேன். நோன்போடு பொய். “அப்போ நீங்களாவது வந்து பேசுங்கள்” என்றார்கள். எனக்கும் காய்ச்சல் என்றேன்.

ஒக்ரோபர் 14, சனி

அவர் வந்தார். கோச் பிந்தி, முகம் கறுத்துப் போயிருந்தது. கதவைத் திறந்தது நஸ்ரின். நான் முன்கூட்டியே சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

ஏசுவார் என்று நினைத்தேன். புத்தளத்தில் அவருடைய மூத்த சகோதரியும் மச்சானும் இவளைப் பற்றிப் பெருமை பேசாத நாள் இல்லை. மார்க்கத்துக்காகப் படிப்பை விட்ட பிள்ளை என்று. அவர்களுக்கு என்ன சொல்வது என்று கத்துவார் என்று நினைத்தேன்.

அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நோன்பு திறந்து, தொழுது, கஞ்சிக் கோப்பையோடு இருந்து மெதுவாகத்தான் கேட்டார்.

“இதை அங்கயே கழட்டியிருக்கலாமே மகள்?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“நான் உன்னட்டக் கேட்டனானோ இல்லையோ? அழுது கேட்டனான். அப்ப கழட்டியிருந்தா இந்த ரெண்டு வருஷமும் நான் தனிய இருந்து அவிச்சுத் திண்டிருக்க மாட்டனே.”

“அப்ப ஏலாது வாப்பா.”

“இப்ப ஏலுமோ?”

“ஓம்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ என்ன சொல்லுறாய்?”

“அவளின்ட தலை” என்றேன்.

“அவளின்ட தலை. எங்கட குடும்பம்.” கோப்பையை வைத்துவிட்டு மேலே போனார். அவர் நோன்புக் கஞ்சியை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

ஒக்ரோபர் 15, ஞாயிறு

அவர் போய்விட்டார். மத்தியானக் கோச்சுக்கே. பெருநாளுக்கு லீவு கிடைக்காது என்றார். போன தடவை கிடைக்கும் என்றவர். நஸ்ரின் பஸ் ஸ்ரொப் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனாள். தலையில் கை வைத்து ஓதினாராம்.

சேர்ட் வாங்க வேண்டாம்.

ஒக்ரோபர் 19, வியாழன்

வேலை முடிந்து பஸ். கூட்டம். ஏறினதும் பார்த்தேன், முன் பக்கம் நஸ்ரின், இரண்டு கூட்டாளிப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு. கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு ஆள், ஐம்பது வயது இருக்கும், நல்ல கோட், குடித்த மணம் கூட இல்லை, என் முகத்துக்கு நேரே குனிந்து, “இது இங்கிலாந்து, அதைக் கழற்று” என்றான். என் முகம் மூடியா இருக்கிறது? நான் மற்றப் பக்கம் திரும்பினேன். பின்னால் இருந்து இழுத்தான். முக்காட்டில் குத்தியிருந்த ஊசி கழுத்தைக் கீறிக்கொண்டு போனது. முக்காடு தோளில். பஸ் முழுக்க என் நரைமுடியைப் பார்த்தது.

யாரோ கத்தினார்கள், விடு அவளை என்று. சாரதி பஸ்ஸை நிறுத்தினார்.

நஸ்ரின் திரும்பிப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். கண்ணுக்குக் கண். பிறகு முன்பக்கம் திரும்பிவிட்டாள். கூட்டாளிப் பிள்ளை ஏதோ கேட்டாள். இவள் இல்லை என்று தலையாட்டினாள். கதவு திறந்ததும் மூன்று பேரும் இறங்கிப் போனார்கள்.

நானும் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்தேன். மெதுவாக. அவள் முதல் போய்ச் சேரட்டும் என்று.

வீட்டில் விளக்கு எல்லாம் போட்டிருந்தது. மேசையில் கஞ்சி, தண்ணீர், பேரீச்சம்பழம். இந்த நோன்பில் அவள் வைத்த முதல் கஞ்சி. அவளுக்குக் கண் சிவந்து வீங்கி.

“உம்மா, எந்த பஸ்ஸில வந்தீங்க?”

“பஸ் வரேல்ல. நடந்துதான் வந்தன்.”

என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அது என்ன?”

“ஊசி குத்திப் போட்டுது” என்றேன். “கதிரையில இரு. நேரமாச்சு, நோன்பைத் திற.”