தலைமையாசிரியர் காதில் நான் போட்ட நல்ல வார்த்தை

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

பேருக்குத்தான் டீ கொடுப்பவன்; பள்ளிக்கூடமே என் கையில்தான். ஆசிரியர்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தலைமையாசிரியர் என்னைத்தான் கேட்பார். "ஒரு வகுப்புல எட்டிப் பாத்ததில்ல, நமக்குப் பாடம் நடத்தச் சொல்லித் தர்றாராம்" என்பது அவர்கள் பேச்சு. நான் கொஞ்சம் மெருகேற்றி, "நீங்க வகுப்புக்கு வரமாட்டீங்களான்னு ஏங்குறாங்க ஐயா" என்றேன். மனிதர் பூரித்துப்போய் தினமும் ஏதாவது வகுப்பில் உட்காருகிறார்.

நேற்று ஊருக்கு வர லீவு கேட்டேன். "நீ போயிட்டா அவங்க மனச எனக்கு யாருப்பா சொல்லுவா? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றுவிட்டார்.

எனக்காக வெயிலில் போட்ட மெத்தையைச் சுருட்டி வை, யாருக்கும் கொடுத்துவிடாதே. பிள்ளைகள் கேட்டால், மாமா இல்லாவிட்டால் பள்ளிக்கூடமே நடக்காதாம் என்று சொல். மணியடித்துக் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.