ஊற்று வயல்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நினைத்து எழுதவில்லை. ஆறியிருக்காது, தெரியும்.

உன் அம்மா வீட்டிலிருந்து போனில் பாப்பா, "அப்பா, நம்ம வயலுக்கு யாரு இந்தப் பேரு வச்சா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். நீயே சொல்லிவிடு.

இந்தப் பக்கம் முன்பு வெறும் முள்ளுக்காடு. பிழைக்க வந்தவர்கள் ஆளுக்கொரு கிணறு வெட்டினார்கள். தோண்டும்போது முதலில் எது கிடைக்கிறதோ, அதுவே அந்த நிலத்துக்குப் பெயர் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். கிளிஞ்சல் கிடைத்தவருக்குக் கிளிஞ்சல் மேடு. கரி கிடைத்தவருக்குக் கரிக்காடு. எலும்பு கிடைத்த மகராசன் மட்டும் மூச்சுவிடாமல் பூந்தோட்டம் என்று வைத்துக்கொண்டார்! என் தாத்தாவுக்கு இடுப்பளவு ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டது. அதனால்தான் ஊற்று வயல்.

"வேண்டாங்க, இதோட விட்டுடுங்க" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயே, அந்த ஆழ்துளைக் கிணற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். குழாய் இறங்க இறங்க வெள்ளைப் புழுதிதான் கிளம்பியது. கொடியில் நீ விட்டுப்போன புடவைமேல் எல்லாம் படிந்துவிட்டது. போர்க்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் இறக்கட்டுமாண்ணே? ஆமா, இந்த இடத்துக்கு என்னமோ பேரு சொன்னீங்களே?" என்றார்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

பாப்பாவிடம் தாத்தா கதை வரைக்கும் சொன்னால் போதும். அவளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு.

இப்படிக்கு,
பாப்பா அப்பா