பில் இல்லாத பட்டறை

ஜூலை, இரண்டாவது செவ்வாய். புந்தோங்.

மச்சான் விற்ற பட்டறைக்கு வரிக் கணக்கு எழுத இன்று அவரோடு போனேன். காலி நிலம் வாங்கி மோட்டார் சைக்கிள் பட்டறை கட்டினார். மனைவி, என் தங்கை லெட்சுமியின் இதய ஆபரேஷனுக்காக, வாங்கி மூன்று வருஷம் முடியும் முன்பே விற்றுவிட்டார்.

நிலத்துக்குப் பத்திரம் இருக்கிறது. கட்டிய செலவுக்கு எதுவும் இல்லை. நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்து உறவுக்காரர்கள் ஞாயிறுதோறும் வந்து கட்டினார்கள். சிமெண்டுக்கும் கம்பிக்கும் அவர்கள் கையில்தான் மச்சான் காசு கொடுத்தார். உறவுக்காரனிடம் ரசீது கேட்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது.

"பில் இல்லாட்டி கட்டுன செலவு சீரோதான் அண்ணே" என்றார் கணக்குப் பார்க்கும் பரமேஸ். "அம்புட்டும் லாபம்னு ஆயிடும். மூணு வருசத்துக்குள்ள வித்ததால லாபத்துல முப்பது பர்சென்ட் வரி."

"அப்போ பட்டறை தானா மொளைச்சிச்சா?" என்றார் மச்சான். பரமேஸ் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கட்டியவர்களை அழைத்து வருகிறேன், சொல்வார்கள் என்றேன்.

"ஆள் வேணாம்ணே. பில் கொண்டாங்க."

என் பத்திரிகை வேலையில் இரண்டு பேர் தனித்தனியே சொன்னால் அது செய்தி. இங்கே தோட்டமே திரண்டு வந்தாலும் பயனில்லை.

வரி போக மிஞ்சுவது ஆஸ்பத்திரி கேட்கும் தொகைக்குப் போதாது. மச்சானுக்கு விற்க வேறு எதுவும் இல்லை. எனக்கும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் வாசலிலேயே லெட்சுமி கேட்டாள்: "எல்லாம் முடிஞ்சிச்சாண்ணே?"

"முடிஞ்சிச்சு" என்றேன்.

"ஆபரேஷன் ஆனதும் பட்டறை கட்டுனவங்க எல்லாருக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை நானே சமைச்சுப் போடணும்."

மச்சான் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.