சரிபார்க்க ஒரு ஆள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவோடு சண்டை போடத் தெம்பிருக்கும் என்று நம்புகிறேன்.

மருந்துக்கடையில் எங்கள் ஆட்களுக்குச் சங்கப் பிரதிநிதியாக நானே முன்வந்தபோது, "ஊர் வம்பு உனக்கெதுக்கும்மா?" என்றீர்கள். போன வாரம் அந்த வம்பு வந்தது. கூட வேலை செய்யும் அக்கா, ஒருவருக்கு மாத்திரையை இரண்டு மடங்கு வீரியத்தில் கொடுத்துவிட்டார். இரண்டு வீரியத்தின் பெட்டிகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நல்லவேளை, மாத்திரை வாங்கியவருக்குத் தலைச்சுற்றலோடு போயிற்று. அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துணைக்குப் போய் உட்கார்ந்தேன்.

"எடுக்க ஒருத்தர், சரிபார்க்க ஒருத்தர்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? அன்னிக்கு அவங்களத் தனியா நிக்கவெச்சது யாரு சார்?" என்று மேலாளரிடம் கேட்டேன்.

அக்காவின் வேலை தப்பியது. அக்காவை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது தனியாக நிற்பது நான். கவலைப்படாதீர்கள், ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கிறேன். நாள் முழுக்க என் குரலே எனக்குத் துணை.

ஒரு உதவி அப்பா. பிரஷர் மாத்திரை வாங்கியதும், விழுங்குவதற்கு முன் அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன். உங்களுக்காவது சரிபார்க்க ஒரு ஆள் இருக்கட்டும்.

கடை திறக்க வேண்டும், ஓடுகிறேன்.

உங்கள் மகள்